நான் எழுதிய பூஜ்யங்கள்

அப்பாவின் நெஞ்சுவலி நோட்டை எழுதுவது என் வேலை. பைபாஸ் செய்தும், ஸ்டென்ட் வைத்தும் போகாத வலி. சென்னையில் ஒரு மருத்துவமனை இதற்கு ஸ்டெம் செல் சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிறது என்று அறிந்து, நான்தான் கூட்டிப்போனேன். அவருடைய எலும்பு மஜ்ஜையில் எடுத்த செல்களையே இதயத்தில் ஊசியாகப் போடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சிலருக்கு மட்டும் செல் இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று சோதனை முடியும்வரை டாக்டருக்கும் தெரியாது.

மருத்துவமனை கொடுத்த அந்த நோட்டோடு ஊர் திரும்பியதும் தினமும் சாயங்காலம் கேட்பேன். "இன்னைக்கு எத்தனை தடவைப்பா?"

முதலில் நாலு, ஐந்து என்றவர், இரண்டாவது மாதத்தில் "ஒண்ணும் இல்லம்மா" என்றார். பூஜ்யம் போட்டேன். மறுநாளும் பூஜ்யம். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைகளைச் சந்தேகப்பட்டு எண்ணினேன். குறையவில்லை. குறுவை நடவு பார்க்க வயலுக்குப் போகிறேன் என்றார். சரி என்றேன். என் மகளும் கூடவே போனாள்.

ஒரு நாள் அவள் வாசலில் நாலு எட்டு நடந்தாள், நின்றாள். நெஞ்சில் கை வைத்து, ஒரு சீரக மிட்டாயை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னடி இது?"

"தாத்தா வெளையாட்டு. வாய்க்கா கரையில தாத்தா இப்படித்தான் நிப்பாரு. அப்ப பேசக் கூடாது."

அப்பாவின் சட்டைப் பையில் இன்னொரு மாத்திரை டப்பா இருந்தது. ஒரத்தநாட்டு மெடிக்கலில் அவரே வாங்கியது. பாதி காலி.

"ஏம்ப்பா மறைச்சீங்க?"

"அந்த டாக்டரம்மா எவ்வளவு மெனக்கெட்டாங்க. விருந்துக்குப் போன எடத்துல உப்பு இல்லன்னு சொல்லுவியா?"

"இது விருந்தாப்பா? வலி போயிருச்சுன்னு நம்பி நாளைக்கு இன்னொருத்தருக்கும் போடுவாங்களே."

டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அந்த டாக்டரம்மாவுக்காக மட்டுமா மறைச்சேன்? ஒண்ணும் இல்லன்னு சொன்னா உன் மூஞ்சி எப்படி மலருது தெரியுமா?"

மருத்துவமனை நர்ஸுக்குப் போன் செய்தேன். "எதையும் அழிக்காதீங்க. கீழ தேதி போட்டு உண்மைய எழுதுங்க. ஐயாவ நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார்.

அழிக்கவில்லை. என் கையெழுத்தில் வரிசையாகப் பூஜ்யங்கள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றும் வாய்க்கால் கரையில் அவர் கண்ணை மூடி நின்ற ஒரு நாள். அவருக்குப் போட்டது செல்லா, வெறும் திரவமா, இன்னும் தெரியாது.

இப்போது கேட்கும்போது நான் நோட்டைத்தான் பார்க்கிறேன். பதில் வர நேரமாகிறது. நிமிர்ந்து பார்க்கலாமா என்று தோன்றும். பார்ப்பதில்லை.

"நாலு" என்கிறார். எழுதுகிறேன்.