சாசனம் எழுதிய அறையில் நூர்ஜஹான் அக்கா

போர் அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு என்கிறது அமெரிக்க அரசியல் சாசனம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காங்கிரஸ் முறைப்படி ஒரு போரையும் அறிவிக்கவில்லை. அப்படியென்றால் பின்னர் நடந்த இத்தனை போர்களும் யாருடையவை? அரசியல் அறிவியல் எம்.ஏ. படித்த எனக்கே பதில் தெரியவில்லை.

கேட்டவர் நூர்ஜஹான் அக்கா. கீழக்கரைக்காரர், வயது அறுபத்தொன்று, இங்கே அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் பக்கத்து வீடு. குடியுரிமைத் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தார். இரண்டாவது, கடைசி வாய்ப்பு திங்கட்கிழமை. நூற்றிருபத்தெட்டு கேள்விகளும் அவருக்கு மனப்பாடம்தான், ஆனால் வரிசையாக மட்டும். முதல் தடவை அதிகாரி நடுவிலிருந்து கேட்க, இவர் மனத்துக்குள் ஒன்றிலிருந்து ஓட்டிக்கொண்டு வருவதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம்.

"சாசனம் எழுதுன எடத்த ஒருவாட்டி பாத்தா தைரியம் வரும்மா" என்றார். சுற்றுலா போனால் பரீட்சை பாஸாகும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் ஞாயிறன்று காரை எடுத்தேன்.

காலை 8.10க்குக் கிளம்பி, ரூட் 1 பிடித்து 95 நெடுஞ்சாலையில் ஏறினோம். பிலடெல்பியா நாற்பத்தைந்து மைல், ஒரு மணி ஐந்து நிமிடம். வழியில்தான் அந்தக் கேள்வி வந்தது.

"அறிவிக்காமயே சண்ட போடலாம்னா, எதுக்குமா அத நான் மனப்பாடம் பண்ணனும்?"

"பதில் அதுதான்க்கா. எழுதியிருக்கிறதச் சொல்லுங்க, போதும்."

"நீ எம்.ஏ.ன்னு சொல்லிக்காத!"

பார்க்கிங் 22 டாலர். சாசனம் எழுதிய மண்டபத்துக்கு நுழைவு இலவசம், ஆன்லைன் முன்பதிவுக்கு ஆளுக்கு ஒரு டாலர். 10.20 சுற்றில் முப்பது பேர் இருந்தோம். பச்சைத் துணி விரித்த மேசைகள், பின்னால் பாதிச் சூரியன் செதுக்கிய நாற்காலி. படங்களில் பார்த்ததைவிட அறை சின்னது. வழிகாட்டிப் பெண் கூட்டத்தைப் பார்த்துப் போரை அறிவிப்பது யார் என்று கேட்டார்.

"காங்கிரஸ்! பட் தே டோன்ட் டூ!" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். முப்பது பேரும் சிரித்தார்கள். அதைப் பேச இன்னொரு டூர் வேண்டும் என்றார் வழிகாட்டி.

வெளியே வந்ததும், "எண்ணாம எப்படிக்கா சொன்னீங்க?" என்றேன்.

"எங்க எண்ணுனேன்? உங்கூட போட்ட சண்ட ஞாபகம் வந்துச்சு, பதிலும் கூடவே வந்துருச்சு."

ஆகவே திரும்பும் வழியெல்லாம் சண்டை போட்டோம். எண்களைக் கலைத்துப் போட்டு நான் கேட்டேன், அவர் எதிர்த்துப் பேசினார். "குட்டி ஸ்டேட்டுக்கும் ரெண்டு செனட்டர், கலிபோர்னியாவுக்கும் ரெண்டா?"

"கலிபோர்னியாவுல, பிளசன்டன்ல உங்க சின்னப் பையன் இருக்கான், அந்தக் கோவம்."

"ஜட்ஜுக்கு ஆயுசுக்கும் வேலையா? ரிட்டயர்மென்டே கிடையாதா?" வீடு வருவதற்குள் அறுபது கேள்விகளுக்கு மேல் முடிந்தன. ஒன்றில்கூட அவர் திணறவில்லை.

போகிறவர்களுக்கு: முன்பதிவு செய்யுங்கள், பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு அரை மணி ஒதுக்குங்கள், பெரிய பை வேண்டாம். தேர்வு எழுதுபவர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போய், வழியில் நன்றாக வம்பிழுங்கள். சாசனமே அந்த அறையில் மாதக்கணக்கில் நடந்த வாக்குவாதத்தில் பிறந்ததுதான்.

மறுநாள் நடந்தது இது. இருபது கேள்விகளில் பன்னிரண்டு சரியானால் போதும். அக்கா முதல் பன்னிரண்டையும் சரியாகச் சொல்ல, அதிகாரி அங்கேயே நிறுத்திவிட்டார். பன்னிரண்டாவது, காங்கிரஸின் அதிகாரங்களில் ஒன்று. போர் அறிவிப்பது என்று சொன்னவர் விடவில்லை, கடைசியாக எப்போது அறிவித்தார்கள் என்று அதிகாரியையே கேட்டிருக்கிறார்.

"அது லிஸ்ட்ல இல்ல மேம்" என்று சிரித்துக்கொண்டே, தேர்ச்சி என்று எழுதிய தாளை அவர் நீட்டினாராம்.