டீச்சர் சொல்லிக் கொடுத்த பதில்

கணவரைக் கேட்ட கேள்விக்கு மனைவி பதில் சொல்லிவிட்டால், அது யாருடைய பதில்?

"பேர் சொல்லுங்க" என்று ஐ.சி.யூ. கட்டிலில் படுத்திருப்பவரைத்தான் சிஸ்டர் கேட்கிறார். பெயர் கால்மாட்டிலிருந்து வருகிறது.

"டீச்சர், உங்கள யாரும் கேக்கலை."

டீச்சர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். அடுத்த கேள்விவரைதான் அது தாங்குகிறது.

வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர்; தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. ஒரு பிள்ளை திணறினால் அவருக்குப் பொறுக்காது. விடையை உதட்டசைவில் காட்டிவிடுவார். நல்ல ஆசிரியர் என்று சொல்ல எனக்குத் தயக்கம். இரக்கமும் அவசரமும் ஒருவரிடமே சேர்ந்துவிட்டால், எதிரில் இருப்பவருக்கு வாய் திறக்கும் வேலை மிச்சம்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். காபியா டீயா என்று கேட்டால் மனைவியைப் பார்ப்பார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அண்ணன் பேசிட்டுதான் இருந்தாரு அண்ணி" என்று நாத்தனார் குத்துவார்.

"ஆமா, 'பசிக்குது'ன்னு. அதையும் சொல்ல விடாம நேரத்துக்குப் போட்டுடுறேன்ல?"

வேலைக்குப் போன இடத்தில், தலையில் இடி விழுந்தாற்போல் இருக்கிறது என்று உட்கார்ந்த கணவர் எழுந்திருக்கவில்லை. மூளையின் ரத்தக்குழாய் ஒன்றில் பலூன்போலப் புடைத்திருந்த இடம் வெடித்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து அவர் கண் விழித்தபோது, டாக்டர் டீச்சரை ஓரமாக அழைத்தார். "வெடிச்ச இடத்தை மூடிட்டோம்மா. ஆனா கசிஞ்ச ரத்தம் சும்மா இருக்காது. சுத்தியிருக்கிற குழாய்களைச் சுருங்க வைக்கும். சுருங்கினா மூளைக்கு ரத்தம் பத்தாது. ரெண்டு வாரத்துக்குப் பயம் இருக்கு." குழாய் சுருங்குவது கண்ணுக்குத் தெரியாது. பேச்சு குழம்பும், ஒரு கை தளரும். அதைப் பிடிப்பதற்காகத்தான் மணிக்கு மணி அந்தக் கேள்விகள்: பெயர், இடம், மாதம்.

டீச்சர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"சிஸ்டர், எல்லாத்தையும் கரெக்டா சொல்லிட்டா வார்டுக்கு மாத்திடுவீங்களா?"

"நல்லா இருந்தா மாத்துவாங்க."

டீச்சருக்கு அது போதுமாயிருந்தது. அவரிடம் பயம் எப்போதும் வேலையின் உருவில்தான் வரும். சிஸ்டர் நகர்ந்ததும் கணவரின் காதருகே குனிவார். "எங்க, சொல்லுங்க. மொதல்ல பேரு. அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம் மார்ச். இன்னொரு தடவை." பக்கத்துக் கட்டிலில் என் சித்தப்பா இருந்ததால் எனக்கே அந்த வரிசை மனப்பாடமாகிவிட்டது. வெளியே அனுப்பினால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து உதட்டை அசைப்பார். கணவரின் கண்கள் அங்கேயே நிற்கும்.

ஒரு பிற்பகல் சிஸ்டர் வரிசையை மாற்றிக் கேட்டார்.

"இது என்ன மாசம்?"

கணவர் தம் பெயரைச் சொன்னார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ஆஸ்பத்திரி."

"தூக்கக் கலக்கம் சிஸ்டர்" என்று டீச்சர் சிரித்தார்.

"ரெண்டு கையையும் தூக்குங்கய்யா." வலக்கை பாதியிலேயே இறங்கிவிட்டது. சிஸ்டர் திரும்பினார். "காலையில எல்லாம் சரியா சொன்னாரே. அவராத்தான் சொன்னாரா டீச்சர்?"

வாசலில் நின்ற நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். டீச்சரின் உதடுகள் அசைந்தன; குரல் கொஞ்சம் பின்தங்கி வந்தது.

"நேத்துல இருந்தே மாசம் வரலை. நாந்தான் சொல்லிக் கொடுத்தேன்."

அதற்குப் பிறகு யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, சுருங்கிய இடத்தில் மருந்து விட்டார்கள். "கொஞ்சம் விரிஞ்சிருக்கு. மறுபடியும் சுருங்கலாம், விடாம கவனிக்கணும்" என்றார் டாக்டர். "நேத்தே தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை டீச்சர் முடித்துக் கொடுக்கவில்லை.

மறுநாள் கணவர் மீண்டும் அதே கட்டிலில். கண் திறந்திருந்தது; பேச்சு இன்னும் வரவில்லை. சிஸ்டருக்குக் கோபமெல்லாம் வடிந்திருந்தது. "உள்ளயே இருங்க டீச்சர். பேசாம இருந்தா போதும்."

"இருங்க அண்ணி. உங்களப் பாத்தாத்தான் அவருக்குத் தெம்பு" என்றார் நாத்தனார்.

டீச்சர் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே சிஸ்டர் குனிந்து பெயரைக் கேட்பது தெரிந்தது. தலையணையில் கிடந்த முகம் மெல்லத் திரும்பியது. கண்கள் கண்ணாடியைத் தேடி வந்தன.

டீச்சர் எழுந்தார். நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.