ஒருவர் மட்டும் நுழையும் வழி

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் வீட்டில் கூப்பிடுவார்கள். அலுவலகத்திலும் அதே பெயர்கள் ஒட்டிக்கொண்டன. ஆமாம், இருவருக்கும் ஒரே அலுவலகம்தான். பெரியவளுடைய போதாத காலம்.

ஒரு மருத்துவமனையின் டேட்டாபேஸ் சர்வரைப் பதினொரு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தவள் அவள். பரிசோதனை முடிவு கேட்கும் நர்ஸுக்கும் மாத்திரை எழுதும் டாக்டருக்கும் சர்வருக்குள் ஆளுக்கொரு த்ரெட், ஏவலாள் மாதிரி, எழுந்து ஓடவேண்டும். மொத்தம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு த்ரெட். ஏதாவது ஒரு வேலை நடுவில் மறித்துக்கொண்டால், பின்னால் வந்தவை எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அத்தனையும் நின்றுவிட்டால் புதிதாக ஒருவரும் உள்ளே வர முடியாது. அதற்கென்றே ஓர் அவசர வழி உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் நுழையலாம்.

சின்னவள் வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதம். பெரியவள் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் சர்வர் அடைத்துக்கொண்டது. சின்னவள் அவசர வழியில் புகுந்து நாலு நிமிடத்தில் சரி செய்தாள். மேனேஜர் கைதட்டினார். மாமியார் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொன்னாள். பதினொரு வருடம் அடைக்காமலே பார்த்துக்கொண்டவளுக்காக யார் போன் போட்டார்கள்? முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்துவிட்டது. டீம் லீடர் பதவிக்கு இருவர் பெயரும் மேலே போயிருப்பதாகக் கேள்விப்பட்டபோது பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அன்றிலிருந்து காலையில் வந்ததும் முதல் வேலையாக அவசர வழியைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொள்வாள். த்ரெட் கணக்கைப் பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணக்குப் பார்க்கச் சாதாரண வழியே போதும். சின்னவள் இன்னொரு தடவை அவசர வழியில் நுழைந்து கைதட்டல் வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். வைக்கோல்போர் நாய்க்குக்கூட இத்தனை பிடிவாதம் இருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, அவசர வழியை மூடாமல் ஸ்கிரீனை மட்டும் பூட்டிவிட்டுப் பல் டாக்டரிடம் போனாள். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போது போன் அடித்தது.

"அக்கா, த்ரெட் எல்லாம் நின்னுடுச்சு! அவசர வழியில போனா, ஏற்கெனவே ஒருத்தர் உள்ள இருக்காங்கன்னு வருது. ரத்த குரூப்கூடப் பார்க்க முடியலன்னு ஆஸ்பத்திரியில கத்துறாங்க."

பெரியவளுக்குப் பல்வலி போன இடம் தெரியவில்லை. விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்து, மறித்துக்கொண்டிருந்த வேலையைக் கண்டுபிடித்து நிறுத்தினாள். நின்றுபோன த்ரெட் ஐந்நூற்றுப் பன்னிரண்டு முந்நூறானது, பிறகு நாற்பதானது. அதுவரை நர்ஸுகள் லேபுக்கும் வார்டுக்கும் ஓடி, தாளில் எழுதி வாங்கிச் சமாளித்திருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"பெரியவங்க பெரியவங்கதான்!" என்று மேனேஜர் கைதட்டினார். "உனக்குப் பதினெட்டு நிமிஷமா உள்ளயே போகத் தெரியலயேம்மா" என்று சின்னவளைக் கடிந்துகொண்டார்.

பெரியவளின் பின்னால் நின்ற சின்னவள் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசர வழி, நுழைந்த நேரம் காலை எட்டு நாற்பது, பெரியவளின் கம்ப்யூட்டர் பெயர். எல்லாம் ஒரே வரியில் இருந்தது. அவள் படித்துவிட்டாள் என்பது பெரியவளுக்கும் தெரிந்தது.

"சாரி சார்" என்று மட்டும் சொன்னாள் சின்னவள்.

வீட்டில் மாமியார் விசாரித்தபோதும், "அக்கா மட்டும் வரலேன்னா இன்னிக்கு நான் அவ்வளவுதான் அத்தை" என்றாள். பெரியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டது போதாதா? நல்ல மனசும் இவளுக்கேவா?

மறுநாள் காலை அடைப்பு பற்றிய அறிக்கையைப் பெரியவள்தான் எழுதவேண்டியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில், அவசர வழியைத் தேவையில்லாமல் பிடித்து வைத்திருந்தது தான்தான் என்றும், சின்னவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றும் எழுதினாள். பதவி கைவிட்டுப் போகும் என்று தெரிந்தேதான் அனுப்பினாள்.

அறிக்கையைப் படித்துவிட்டுச் சின்னவள் ஓடி வந்தாள்.

"ஏன்க்கா எழுதினீங்க? நான் யார்கிட்டயும் மூச்சு விட்டிருக்க மாட்டேனே!"

"தெரியும்டி" என்றாள் பெரியவள். "அதைத்தான் என்னால தாங்க முடியல."