பூசைக்கு வைத்த மடிக்கணினி

என் மடிக்கணினியின் திரையை உடைத்தது நானேதான். அதுவும் சரஸ்வதி பூசையில், குத்துவிளக்குக்கு முன்னால் வைத்து உடைத்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

நவராத்திரியின் கடைசி நாட்களில் படிக்கிறவர்களின் புத்தகங்களைக் கும்பத்துக்கு முன்னால் அடுக்கி வைப்பது எங்கள் வழக்கம். விஜயதசமி காலையில் பூசை முடித்து எடுக்கும்வரை ஒருவரும் ஒரு எழுத்தும் படிக்கக்கூடாது. அந்த வருடம் மகள் உயர்தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் என்று செங்கல் தடிப்பில் புத்தகங்கள். அவற்றை அவள் மகிழ்ச்சியோடு கொண்டுவந்து அடுக்கினாள். மூன்று நாள் விடுதலை என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

நானும் என் மடிக்கணினியைத் துடைத்துக்கொண்டு போனேன். கணவர் நிலத்தில் இருந்து மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

“உதேன் உங்கை?” என்று மடிக்கணினியைக் காட்டிக் கேட்டார்.

“நானும் படிக்கிறன்தானே.”

“படிக்கிற பிள்ளையளின்ரை சாமான்தான் உதிலை வைக்கிறது. நீர் வேணுமெண்டா அகப்பையைக் கொண்டந்து வையும்.”

பகிடிக்குத்தான் சொன்னார். மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. மகளின் புத்தகங்களை இரண்டு கையாலும் தூக்கி எடுத்தேன். மடிக்கணினியை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். யாரும் எடுத்து அப்பால் வைக்க முடியாதபடி இருக்கட்டும் என்ற வீம்புதான். பேனையும் வைக்க வேண்டும் அல்லவா? அது உருண்டு விளக்கடிக்குப் போகாமல் இருக்க, விசைப்பலகையின் மேல் வைத்து மூடினேன். அதற்கு மேல் பௌதிகவியலும் இரசாயனவியலும் ஏறின. அதற்கும் மேல் ஒரு தட்டில் அவலும் அவித்த கடலையும்.

விஜயதசமி காலையில் சந்தனம் தொட்டு வைத்து, பயபக்தியோடு திறந்தேன். திரையின் நடுவில் பேனை மூடியின் அளவுக்கு ஒரு நொறுங்கல். அதைச் சுற்றி மை கொட்டியதுபோல் கறுப்பு. மிச்ச இடமெல்லாம் பச்சையும் ஊதாவுமாய்க் கோடுகள்.

அன்றிலிருந்து பத்தாம் நாள் எனக்கு இணையவழி வாய்மொழித் தேர்வு. வீட்டிலிருந்தே படிக்கிற வெளிவாரிப் பட்டத்தின் கடைசிப் படி அது. இதே பட்டத்துக்கு நான் முதல் தடவை பதிந்தபோது எனக்கு இருபது வயது. போரில் எங்கள் தென்மராட்சியே வெறுமையான இடப்பெயர்வில் அது போனது. இரண்டாம் தடவை கைப்பிள்ளையோடு பதிந்தேன், அதுவும் பாதியில் நின்றது. இது மூன்றாம் தடவை. கொடுத்த கால எல்லை இந்தத் தேர்வோடு முடிகிறது. அன்றைக்குத் திரைக்கு முன்னால் நான் இல்லையென்றால் என் பதிவு இரத்தாகும், எழுதிய பாடங்களெல்லாம் வீண். கைத்தொலைபேசியில் தோன்றக்கூடாது என்று விதியில் எழுதியிருந்தார்கள். எங்கள் ரீவியோ பழைய காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டி, கணினியை அதில் பூட்ட வழி இல்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகள் எப்படி உவராகின்றன என்பதுதான் என் ஆய்வு. நாற்பது கிணறுகளில் வாளி விட்டு அள்ளி அளந்து, நானே கீறிய வரைபடங்கள் எல்லாம் அந்தக் கறுப்புக்குப் பின்னால் கிடந்தன.

கணவர் வந்து எட்டிப் பார்த்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. ஆனால் எந்தத் தொல்லைக்கும் தன் உறவுக்காரர் ஒருவரைத் தீர்வாக வைத்திருப்பார்.

“கனடாவிலை அண்ணைக்கு ஒரு சொல்லுச் சொன்னால் மார்கழியிலை வரேக்கை புதுசு ஒண்டு கொண்டருவார்,” என்றார்.

“சோதினை ஐப்பசியிலை.”

“அப்ப தெல்லிப்பழையிலை தங்கச்சி வீட்டை போய் அவையின்ரை லப்டொப்பிலை செய்யும். அங்கை எல்லாரும் இருக்கினம், உதவியா இருக்கும்.”

அங்கே எல்லாரும் இருப்பார்கள் என்பதுதான் பிரச்சினை. மச்சாள் தேத்தண்ணீரோடு பத்துத் தரம் வந்து போவாள், “மாமி சோதினை எழுதிறா” என்று பிள்ளைகள் கதவிடுக்கில் நின்று சிரிப்பார்கள். நினைக்கவே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “எனக்கு என்ரை மெசின்தான் வேணும்,” என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டார்.

சாவகச்சேரியில் கணினி திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி ஒரு கணம் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“உதுக்குத் திரை கொழும்பிலையிருந்து வரவேணும் அக்கா. மெசினை விட்டிட்டுப் போங்கோ. எப்பிடியும் ரெண்டு கிழமை, பதினாலு நாள் செல்லும்.”

“எனக்கு ஒரு கிழமைக்குள்ளை வேணும் தம்பி.”

“அண்ணையின்ரை நம்பரைத் தாங்கோவன், நான் அவரோடை கதைக்கிறன்.”

எந்த அண்ணை? என் கணவராம். எனக்கு அந்த இடத்திலேயே மூக்கு விடைத்தது. என் கணவருக்குக் கணினியில் சீட்டு விளையாடத் தெரியும், அதுவும் மகள் திறந்து கொடுத்தால்.

“மெசின் என்ரை. கதைக்கிறதெண்டால் என்னோடை கதையும்,” என்றேன்.

அவர் பணிவாகச் சிரித்தார். பணிவான அந்தச் சிரிப்புத்தான் என்னை முடிவெடுக்க வைத்தது. மடிக்கணினியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மகளின் தொலைபேசியில் காணொளிகளைத் தேடிப் பார்த்தேன். எந்த ஊர்க்காரனோ தெரியாது, ஒருவன் எனக்கு விளங்காத மொழியில் பேசிக்கொண்டே திரையைக் கழற்றினான். மொழி விளங்கவில்லை, கை விளங்கியது. மூன்று தரம் பார்த்தபின், இவன் செய்கிற வேலை நான் தையல் மெசினைக் கழற்றி எண்ணெய் விடுகிற வேலையைவிடக் கடினமாக இல்லையே என்று தோன்றியது. தோன்றியதும் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. இதற்கா அண்ணையின் நம்பரைக் கேட்டார்?

மறுநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய பெட்சீற்றை விரித்தேன். முதலில் மின்கலத்தைக் கழற்றி எட்டத்தில் வைத்தேன். பிறகு, உள்ளே மிச்சம் இருக்கிற மின்சாரமும் போகட்டும் என்று தொடக்கும் பொத்தானை அமத்திப் பிடித்தேன். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் கீழ் மூலைகளில் சின்ன றப்பர் மூடிகள். அவற்றை ஊசியால் கிளப்பினால் அடியில் திருகாணிகள். தையல் மெசினோடு வந்த சின்னத் திருப்புளி அதற்கு அளந்து செய்ததுபோல் பொருந்தியது. ஒரு தாளில் மடிக்கணினியின் படத்தைக் கீறி, கழற்றிய திருகாணியை அதது இருந்த இடத்தில் செலோரேப்பால் ஒட்டினேன். சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் பழைய வங்கி அட்டையை விட்டு மெல்ல நெம்பினேன். டக் என்றது. உயிர் போய் வந்தது. உடையவில்லை, உள்ளே பிடித்திருந்த கொழுவிதான் கழன்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு டக்கும் எனக்கு இனித்தது.

திரையைப் பிடித்திருந்த நாலு திருகாணியையும் கழற்றி, அதை விசைப்பலகையின் மேல் குப்புறச் சாய்த்தேன். முதுகில் ஒரு மெல்லிய நாடா போன்ற கம்பி செருகியிருந்தது. பக்கத்தில் ஒட்டிய தாளில் பொடி எழுத்தில் ஒரு நீண்ட இலக்கம். நான் தேடியது அதைத்தான். கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் ஒரு கடைக்கு அழைத்தேன். எடுத்தவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை. இலக்கத்தை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். பிறகு, “கம்பியில் பின் எத்தனை? முப்பதா, நாற்பதா?” என்று கேட்டார். கம்பியின் வாய்க்குள் மயிர் போல இருந்த பின்களை அரிசியில் கல் பார்க்கிற கண்ணால் இரண்டு தரம் எண்ணினேன். முப்பது. “ஹரி, நோனா,” என்று சிங்களத்தில் ‘சரி, அம்மா’ சொன்னார். வீட்டு ஆம்பிளை யாராவது இருக்கிறார்களா என்று அவர் கேட்கவேயில்லை. அந்த மனிதர் நல்லாயிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் விடியப்புறம் கொழும்பு பஸ்ஸில் புதிய திரையின் பொதி வந்தது. சாவகச்சேரியில் இறங்குகிற சனத்துக்கு நடுவில் நடத்துனர் என் பெயரைக் கூப்பிட்டுத் தந்தார். ஸ்கூட்டியின் கால் வைக்கிற இடத்தில் அதை நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் அணைத்தபடி வீடுவரை மெல்ல ஓட்டினேன். என்னை முந்திக்கொண்டு போன சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும்.

அது சனிக்கிழமை. கணவர் பத்திரிகையோடு முன்னால் வந்து இருந்தார்.

“கரண்ட் கிரண்ட் அடிக்கப்போகுது.”

“பற்றரி கழட்டியாச்சு.”

“கடையிலை குடுத்திருக்கலாம்.”

பழைய திரையின் கம்பியை இழுத்தெடுத்து, புதியதில் செருகி, ஒட்டுநாடாவை அழுத்தி, நாலு மூலையும் பூட்டி, மின்கலத்தைப் போட்டுப் பொத்தானை அமத்தினேன். உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. பொறுத்துப் பார்த்தேன். கறுப்புத்தான்.

“பாத்தீரே. நான் அப்பவே சொன்னனான்,” என்றார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால்தான். இருபது வயதில் புத்தகப் பையை விட்டுவிட்டு ஓடிய ஆத்திரம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பரீட்சை மண்டபத்தின் படியிலிருந்து திரும்பிய ஆத்திரம், எல்லாம் ஒன்றாய்க் கிளம்பியது. அப்போதெல்லாம் யாரில் கோபிப்பது என்று எனக்குத் தெரியாது. இப்போது முன்னால் இவர் இருந்தார்.

“இன்னும் ஒரு சொல்லுக் கதைச்சியளெண்டால் இண்டைக்கு இந்த வீட்டிலை அடுப்பு எரியாது,” என்றேன். “ரெண்டு தரம் விட்டனான். இந்தத் தரம் விடமாட்டன். திரும்பத் திரும்பக் கழட்டிப் பூட்டிறதெண்டால் அந்த நாள் வரும்வரைக்கும் கழட்டிப் பூட்டுவன். உங்களுக்கு என்ன?”

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு எழும்பிப் போய் டோர்ச் லைற்றோடு வந்தார்.

“வெளிச்சம் பிடிக்கட்டோ?”

“பிடியுங்கோ. வாயை மட்டும் திறவாதேங்கோ.”

பிடித்தார். மறுபடி மின்கலத்தைக் கழற்றினேன், நாலு மூலையையும் கழற்றினேன், திரையைக் குப்புறச் சாய்த்தேன். அந்த வெளிச்சத்தில் பார்த்தால், செருகிய வாயின் ஒரு ஓரம் உள்ளே போயிருந்தது, மற்ற ஓரம் வெளியே நின்றது. அவ்வளவுதான். அவசரத்தில் சரிவாகச் செருகியிருந்தேன். எடுத்து, நேராக வைத்து, இரண்டு பெருவிரலாலும் சமமாகத் தள்ளினேன். ஒட்டினேன். பூட்டினேன். பொத்தானை அமத்தினேன்.

வெள்ளை வெளிச்சம் வந்தது. பிறகு, முகப்பில் நான் போட்டு வைத்திருந்த என் வரைபடம், தென்மராட்சி முழுவதும், நீலமும் சிவப்புமாய்ப் புள்ளி வைத்த நாற்பது கிணறுகள். டோர்ச்சை அணைக்க மறந்து அவர் நின்றார். நான் சட்டத்தை வைத்து ஒவ்வொரு கொழுவியாக அமத்தினேன். வேண்டுமென்றே பலமாக அமத்தினேன், சத்தம் கேட்கட்டும் என்று. பிறகுதான் எழும்பிப் போய் உலை வைத்தேன்.

தேர்வு நாளில் அறைக் கதவைப் பூட்டினேன். திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். அறையில் வேறு யாரும் இல்லை என்று காட்டச் சொன்னார்கள். மடிக்கணினியைத் தூக்கி நாலு பக்கமும் திருப்பிக் காட்டினேன். பிறகு நடுவில் இருந்த பெரியவர் என் கோப்பைப் புரட்டினார். அதிலே என் முதல் பதிவின் வருடம் இருந்திருக்க வேண்டும். அவர் நெற்றி சுருங்கியது.

“அம்மா, நீங்கள் முதலில் பதிந்து எவ்வளவு காலம்! உங்களோடு பதிந்தவர்களின் பிள்ளைகள் பட்டம் பெறுகிற நேரம் இது,” என்றார். மற்ற இருவரும் புன்னகைத்தார்கள். “இனி இந்தப் பட்டத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?”

இந்தக் கேள்விக்கு நான் ஆயத்தம் செய்யவில்லை. கிணற்றைப் பற்றிக் கேட்பார்கள், மழைவீழ்ச்சியைப் பற்றிக் கேட்பார்கள் என்றுதான் இரவும் பகலும் படித்திருந்தேன். ஆனால் பதில் தேட வேண்டியிருக்கவில்லை.

“முடிக்கப் போறன், ஐயா,” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னை முதல் தடவையாக நேரே பார்த்தார். “சரி, உங்கள் முதலாவது வரைபடத்தைக் காட்டுங்கள்,” என்றார். நான் காட்டினேன்.