வாடையற்ற குட்டி

இன்று எங்கோ புல் எரிந்த மணம், இப்போது வீடுகளாகிவிட்ட நாகமலை அடிவாரத்துப் புதர்க்காட்டை நினைவூட்டியது. உலகப்போருக்கு முந்தைய அந்நாளில், ஊரார் ஆண்டுதோறும் வலை கட்டி, நாய்களை ஏவி முயல் வேட்டையாடுவர். அத்தகைய ஒரு காலையில் விறகு பொறுக்கச் சென்ற நான், புற்குழியில் விழித்தபடி அசையாது கிடந்த முயற்குட்டியைத் தாயற்றதென எண்ணி, காது முதல் வால்வரை ஆசைதீரத் தடவினேன்.

பின்னால் வந்த பெரியப்பா மகள் காமாட்சியிடம், "தாயில்லாக் குட்டி" என்றேன்; அவள் சிரித்தாள். "தாயில்லாம என்னடி, அந்தியில வந்து பால் குடுத்துட்டுப் போயிரும். ஒன் கருவாட்டுக் கையால தொட்டுராத. குட்டிக்கு வாடையே கிடையாது, நாய் தாண்டிப் போனாலும் தெரியாது."

நான் கையை முதுகுப்புறம் மறைத்தேன். வலைப்பக்கம் ஓடிய நாய்களுள் ஒன்று குரைப்பை நிறுத்தி, மூக்கைத் தாழ்த்தி எங்களை நோக்கித் திரும்பியது. குட்டி அப்போதும் அசையவில்லை.