ஷெயார் ஃபோல்டரில் இருந்த படம்

ஓப்பநாயக்க டவுன்ல ஒரு கொமியுனிகேஷன் கடையில நாலு வருஷம் வேல செஞ்சேன். போட்டோ கொப்பி, டைப்பிங், மரண அறிவித்தல் எல்லாம் நான்தான். முதலாளி முஸ்லிம், அண்ணன்ங்கிற மாதிரி நானான்னு கூப்பிடுவேன். அவர் காலையில கடையைத் திறந்து விட்டுட்டு பக்கத்துல இருந்த அவரோட துணிக்கடைக்குப் போயிருவார். எனக்கு அப்ப தலைக்கனம் கொஞ்ச நஞ்சமில்ல. தேயிலைத் தோட்டத்துல, பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை ஏ.எல். வரைக்கும் படிச்ச பொண்ணு, கம்பியூட்டர் கோர்ஸ் வேற முடிச்சிருந்தேன். கேக்கணுமா?

வர்ற பென்டிரைவ் எல்லாத்துலயும் வைரஸ். ரெண்டு தடவை மெஷினே படுத்துருச்சு. அதனால கம்பியூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்பியூட்டரைப் போட்டேன். வேர்ச்சுவல் மெஷின்னு பேரு. திரையில ஒரு கட்டம் திறக்கும், அதுக்குள்ள தனியா ஒரு விண்டோஸ் ஓடும். கண்டவங்க பென்டிரைவையும் அதுக்குள்ளதான் திறப்பேன். வைரஸ் வந்தா அதோட போகட்டும். ஆனா பிரிண்டர் வெளி மெஷின்லதான் இருந்துச்சு. அதுக்காக உள்ளேயும் வெளியேயும் தெரியற மாதிரி ஒரு ஷெயார் ஃபோல்டர் வச்சிருந்தேன். தோட்டத்து வரிசை வீடுகள்ல முதுகோட முதுகு ஒட்டின ரெண்டு லயக் காம்பிராவுக்கு நடுச்சுவர்ல பொந்து விட்ட மாதிரின்னு நினைச்சுக்குவேன். இந்தப் பக்கம் நீட்டினா அந்தப் பக்கம் வாங்கிக்கலாம்.

யுத்தம் முடியறதுக்கு முந்தின வருஷம், விடாத மழை. மேல் தோட்டத்துல லயத்துக்குப் பின்னால இருந்த மண்மேடு சரிஞ்சு ரெண்டு காம்பிரா மூடிருச்சு. அதுல ஒரு பொம்பள செத்துப் போச்சு. புருஷன் மலையில வேலைக்கு நின்னிருக்கார், மக தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பாத்துக்கிற பிள்ளைக் காம்பிராவுல இருந்திருக்கா. மத்தது எல்லாம் மண்ணுக்குள்ள. கலியாணப் படம் கூட மிஞ்சல. அந்தம்மாவுக்கு ஐடி கார்டும் எடுக்கல, எடுத்திருந்தா அதுலயாவது ஒரு முகம் இருந்திருக்கும்.

ஒரு பின்னேரம் அந்த மனுஷன் மகளைத் தூக்கிக்கிட்டு கடைக்கு வந்தார். கையில ஒரு பென்டிரைவ். கொழும்புல கடையில நிக்கிற மச்சான் திருவிழாவுல போன்ல எடுத்த படம் ஒண்ணு அதுல இருக்காம். போனை அவர் எப்பவோ வித்துட்டாராம். கருமாதிக்கு நாலு நாள்தான் இருக்கு, மரண அறிவித்தல்ல போடணும், பெருசா பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணிக் கும்பிடணும்னார். நீலச் சேலை கட்டியிருப்பா, கூட்டத்துலயிருந்து அவளை மட்டும் எடுத்துக் குடுங்கன்னார். அவர் இன்னும் அந்தப் படத்தைப் பாக்கவே இல்ல. இருந்து பாத்துட்டுப் போங்கன்னு சொல்லத் தோணல எனக்கு. கடைசி பஸ்ஸுக்கு ஓடிட்டார்.

பென்டிரைவை உள் மெஷின்ல திறந்தேன். வைரஸ் மொய்ச்சுக் கிடந்துச்சு. படத்தை மட்டும் ஷெயார் ஃபோல்டருக்கு எடுத்துட்டு, பாவம் மனுஷன், சுத்தம் பண்ணிக் குடுப்போம்னு பென்டிரைவை ஃபோர்மட் பண்ணிட்டேன். வெளி மெஷின்ல படத்தைத் திறந்தேன். நீலச் சேலையைத் தேடினேன். இருந்துச்சு. காலையில வெட்டலாம்னு மூடிட்டேன். மத்த நாள்ல வெளிய வேற ஒரு இடத்துல கொப்பி பண்ணி வைப்பேன். அன்னைக்கு அவசரம், செய்யல.

கடை மூடுறதுக்கு முன்னால உள் மெஷினைக் கூட்டித் துடைக்கிறது என் வழக்கம். அங்க ஷெயார் ஃபோல்டர்ல அதே படம் நின்னுச்சு. இதுதான் வெளிய வந்துருச்சே, உள்ள எதுக்கு இன்னொண்ணுன்னு அழிச்சேன்.

இன்னொண்ணு கிடையாது. ஒரே படம்தான், ரெண்டு பக்கமும் தெரிஞ்சிருக்கு. காலையில வெளி மெஷின்ல ஃபோல்டர் காலி. ரெண்டு பக்கத்து ரீசைக்கிள் பின்னும் காலி. இரத்தினபுரியில தெரிஞ்ச ஒருத்தரைக் கேட்டு, அழிச்சதை மீட்கிற சொஃப்ட்வெயார் போட்டுப் பாத்தேன். யார் யாரோட பிறப்புச் சாட்சிப் பத்திரமோ வந்துச்சு, அந்தப் படம் வரல. பென்டிரைவுலயும் கிடைக்கல. உருப்படாதவளேன்னு என்னை நானே திட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மறுநாள் அவர் வந்தார். உண்மையைச் சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். வெக்கங்கெட்ட வாய், பென்டிரைவ்ல வைரஸ் இருந்துச்சுங்க, படத்தைத் தின்னுருச்சுன்னு சொல்லிருச்சு. நானா கிட்டயும் அதையேதான் சொல்லி வச்சிருந்தேன்.

அவர் திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். பென்டிரைவைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "எங்களால உங்க மெஷினுக்கு ஒண்ணும் ஆகலியே, தங்கச்சி?"ன்னு கேட்டார்.

இல்லீங்கன்னேன். மரண அறிவித்தல்ல முகம் வர்ற இடத்துல குத்துவிளக்குப் படம் போட்டு பிரிண்ட் எடுத்தேன். அவர் அதை வாங்கிக்கிட்டு நகராம நின்னார்.

"நீங்க பாத்தீங்கல்ல? படத்துல எப்படி இருந்தா?"

நான் எங்க பாத்தேன்? சேலையைத்தான் பாத்தேன். உலகத்துல அந்த முகத்தைக் கடைசியா திறந்து வச்சிருந்தவ நான், மூக்கு எப்படி, பொட்டு இருந்துச்சா, ஒண்ணும் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

"சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க."

அவருக்கு நம்ப முடியல. போட்டோன்னா மூஞ்சியை இறுக்கி வச்சுக்குவாளேன்னார். சிரிச்சாளான்னு திரும்பவும் கேட்டார். ஆமான்னேன். அவர் முகத்துல ஏதோ லேசாச்சு. அதைப் பாத்துத்தான் எனக்கு உடம்பு கூசிப் போச்சு. இடுப்புல இருந்த மகளை ஏத்திப் பிடிச்சு, அம்மா படத்துல சிரிச்சுக்கிட்டு இருந்துச்சாம்னு சொன்னார்.

அந்தப் பிள்ளை என் கம்பியூட்டர் பக்கம் கையை நீட்டி, "காட்டுங்க"ன்னுச்சு.