பன்னிரண்டு நாள் முட்டை தேடி, தாராவியிலிருந்து செம்பூர் வரை

ஊரிலிருந்து வந்த என் மைத்துனன் இசக்கிக்கு, தாராவியில் என் வீட்டில் வைத்து அம்மை கண்டது. அது எந்த அம்மை என்று தெரிந்துகொள்ள மாட்டுங்கா, பரேல், செம்பூர் என்று நான் அலைந்ததைத்தான் எழுதுகிறேன். சண்டை முடிந்தபின் பம்பாய்க்கு வரும் நம் ஆட்கள் பெருகிவிட்டார்கள். நாளைக்கு உங்களுக்கும் இந்த அலைச்சல் நேரலாம்.

நான் முட்டை வியாபாரி. ஈரானி ஹோட்டல்களுக்குப் போடுகிறேன். குடித்தனம் ஒரே அறையில். மனைவி பேச்சியம்மாளுக்கு ஏழாம் மாதம். கர்ப்பிணிக்குப் பெரியம்மை வந்தால் இரண்டு உயிரும் தங்குவது அரிது. சந்தில் எல்லாரும் சின்னம்மைதான் என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, இசக்கியின் உடம்பு முழுக்க வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. சின்னம்மை என்றால் மார்பிலும் முதுகிலும்தான் அதிகம் இருக்கும்; இவனுக்கோ கொப்புளம் முகத்திலும் கைகாலிலும்தான் அடர்ந்திருந்தது.

பரேல் சோதனைச்சாலையில் வேலை பார்க்கும் பாலக்காட்டு டாக்டர் ஒருவர் மாட்டுங்காவில் குடியிருக்கிறார். விடிந்ததும் நடந்தே போய் அவரை அழைத்து வந்தேன். மஞ்சளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பூச்சு கலந்த கொப்புள நீர் சோதனைக்கு ஆகாதாம். தேடித் தேடி, உள்ளங்காலில் பூச்சுப் படாத ஒரு கொப்புளத்தைக் கண்டுபிடித்துக் கீறி நீர் எடுத்தார். பிறகு பேச்சிக்கு இன்றே அம்மை ஊசி போட வேண்டும், நாள் போகப் போக ஊசிக்கு வலு இல்லை என்றார்.

பேச்சி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இசக்கி ரயிலேறதுக்கு முன்னால ஊசி போட்டுட்டுத்தான வந்தான்? அந்த ஊசியாலதான் இது வந்திருக்கு. அதையே எனக்கும் குத்தச் சொல்லுதீங்களா? அம்மன் வீட்டுல இருக்கும்போது நான் கையை நீட்ட மாட்டேன்."

டாக்டர் மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன். அபூர்வமாக ஊசியால் உடம்பெல்லாம் கொப்புளிப்பதும் உண்டு என்றார்.

நானும் டாக்டரும் மாட்டுங்காவுக்கு வந்தோம். அங்கிருந்து பரேல் மூன்று மைல். ரயிலுக்கு ஓரிரு அணாதான் ஆகும். ஆனால் கையில் இருந்த அம்மை நீரை நினைத்து டாக்ஸி வைத்தோம். டாக்டர் நீரைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தார். புள்ளிப் புள்ளியாக அணுக்கள் மண்டிக் கிடந்தனவாம். சின்னம்மையில் அப்படி இராது. ஆனால் பெரியம்மையும் ஊசியால் வரும் அம்மையும் அந்தக் கண்ணாடிக்கு ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் முட்டைக்குள் வளர்த்துப் பார்க்க வேண்டும்.

முட்டைதானே, எத்தனை டஜன் வேண்டும் என்றேன்.

"ஓய், உம்ம முட்டை ஆம்லெட்டுக்குத்தான் ஆகும். பன்னிரண்டு நாள் அடைகாத்த முட்டை வேணும். இங்கே இப்போ கைவசம் இல்லை. புதுசா வச்சா இன்னும் பன்னிரண்டு நாள் ஆகும். அதுக்குள்ளே..."

அவர் முடிப்பதற்குள் நான் செருப்பை மாட்டிவிட்டேன். தினமும் முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் கழிவு என்று வீசுகிறவன் நான். இப்போது அந்தக் கழிவைத் தேடி ஓடினேன்.

பரேலில் ரயிலேறிக் குர்லாவில் மாறினால் செம்பூர். வண்டி குறைவு, பார்த்துப் போங்கள். ஸ்டேஷனிலிருந்து ஒரு மைல் வயல் வரப்பில் நடந்தால் வெள்ளையம்மாள் அக்காவின் கோழிக்கொட்டில். நம் ஊர்க்காரிதான், தனிக்கட்டை. சிறுவயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவள், முகமெல்லாம் தழும்பு. விஷயத்தைக் கேட்டாள். "அடைக்கோழியை எழுப்புனா பாவம்லா தம்பி" என்றாள். சொல்லிக்கொண்டே, அடை வைத்துப் பன்னிரண்டு நாளான இரண்டு கோழிகளை எழுப்பிப் பன்னிரண்டு முட்டை எடுத்தாள்.

சூடு ஆறக் கூடாது. கூடையில் வெதுவெதுப்பான தவிட்டைப் பரப்பி முட்டைகளை அடுக்கி, போர்வைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ரயிலில் நின்றேன். நம் பக்கத்து ஆள் ஒருவர், "என்னவே, உமக்கு எத்தனாவது மாசம்?" என்றார். பெட்டியே சிரித்தது. நான் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

டாக்டர் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, உள்சவ்வின்மேல் நீரைச் சொட்டவிட்டு, மெழுகால் மூடிச் சூட்டு அலமாரியில் வைத்தார். சில முட்டைகளில் ஊசி மருந்தைச் சொட்டினார், ஒப்பிட்டுப் பார்க்க. மூன்று நாள் ஆகும் என்றார். அன்று சாயங்காலமே முனிசிபல் வண்டி வந்து இசக்கியைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று. "அத்தான், அக்காவைப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னான். அந்த மூன்று நாளும் நான் வீடு திரும்பும்போதெல்லாம் பேச்சி கேட்டது ஒன்றுதான்: "முட்டை என்ன சொல்லுது?" அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூட எனக்குப் பயம்.

மூன்றாம் நாள் பரேலில் டாக்டர் இரண்டு கிண்ணங்களைக் காட்டினார். ஊசி மருந்து விட்ட சவ்வில் பெரிய தட்டையான புண்கள், நடுவில் ரத்தக் கறை. இசக்கியின் நீர் விட்ட சவ்விலோ கசகசாவைத் தூவியதுபோல வெள்ளை வெள்ளையாகச் சிறு மொட்டுகள்.

"ஊசி மேலே பழி இல்லை, ஓய். இது பெரியம்மைதான். ஊசி அவன் உடம்பிலே பிடிக்கலை, இல்லை போட்டதே பிந்திப்போச்சு."

வீட்டுக்கு வந்து பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பேச்சி வளையல்களை மேலே ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினாள். அன்றே அவளுக்கு ஊசி போட்டாயிற்று. அது காலத்தோடு போடப்பட்டதா, பிந்திவிட்டதா என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கொப்புளத்தில் எதையும் பூசாதீர்கள். பூசித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றிரண்டையாவது விட்டுவையுங்கள். ஊசியை ஊரிலேயே, புறப்பட வெகுநாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சந்துக்காரர் வாயை நம்பி ஒரு பொழுதுகூடக் காத்திருக்காதீர்கள்.

இசக்கி இன்னும் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில்தான். பேச்சி இப்போது செம்பூரில் இருக்கிறாள். ஒரு தடவை கண்டவளுக்கு அம்மை மறுபடி வராது என்பதால் வெள்ளையம்மாள் அக்காதான் துணிந்து ஏற்றாள். அம்மை காண்கிறதா என்று பார்க்க டாக்டர் வைத்த பதினாறு நாள் கெடு முடிய இன்னும் ஐந்து நாள். வேலிக்கு வெளியே நின்று, அவள் முகத்தில் ஏதாவது அரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறேன்.

அக்காவோடு பேசி முடித்த ஏற்பாடு இது: முட்டைக்குக் காசு வேண்டாம், தங்குவதற்கு வாடகை வேண்டாம். பதினாறு நாள் முடியும்வரை நான் வேலியைத் தாண்டக் கூடாது. முட்டைக்குள் இருந்த பன்னிரண்டு குஞ்சுகளைக் கொடுத்ததற்கு ஈடாக, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் முதல் தொட்டில் அவள் வீட்டில் கட்ட வேண்டும்.